இழுங்க, இன்னும் இழுங்க

நான் கொஞ்சம் சத்தமாப் பேசுவேன், மேடம். தப்பா எடுத்துக்காதீங்க, தொழில் அப்படி. நாள் பூரா மூச்சு வாங்குறவங்க காதுக்குப் பக்கத்துல நின்னு கத்துறவ நான். வீட்டுல சோப்பு எடுத்துக் கொடுன்னு சொன்னா அடுத்த வீட்டுக்காரர் எடுத்துக்கிட்டு வந்து நிப்பாரு.

சின்ன சார், அந்த ரிக்கார்டரை என் வாய்க்குள்ளயே வைக்க வேண்டாம். மேசை ஓரமா வைங்க, எல்லாம் பதியும். அப்புறம் இன்னொண்ணு. நான் உள்ள வந்ததிலிருந்து நீங்க மூச்சைப் பிடிச்சுக்கிட்டே உட்கார்ந்திருக்கீங்க. மேல் நெஞ்சு மட்டும்தான் அசையுது. சிகரெட்டை விட்டு ரொம்ப நாள் ஆகலை போல. மேடத்தை அப்படிப் பார்க்காதீங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். நல்லா விட்டு, நல்லா இழுத்து உட்காருங்க. நான் எங்கயும் ஓடிப் போகப் போறதில்லை. இந்த விசாரணையில நீங்க கேக்குறதுக்கெல்லாம் பதில் சொல்லத்தான் வந்திருக்கேன்.

எங்க ஆராய்ச்சி நிலையத்துல நெஞ்சு நோய்க்காரங்களை வச்சு மருந்து சோதிப்பாங்க. அதுல மூச்சுப் பரிசோதனை அறை என்னோடது. மாடியில கடைசி அறை. வாசல்ல 'அமைதி காக்கவும்'னு ஒரு பலகை தொங்கும், உள்ள நான் தொண்டை கிழியக் கத்திக்கிட்டு இருப்பேன். வர்றவங்க பலகையைப் பார்த்துட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பாங்க. அந்தச் சிரிப்புலயே பாதி பயம் போயிரும், அதனால அதைக் கழட்ட வேண்டாம்னு நானே சொல்லிட்டேன். உள்ள கைப்பிடி வச்ச நாற்காலி ஒண்ணு, செங்கல் அளவுல ஒரு மெஷின், அதிலிருந்து ஒரு குழாய், மூக்கைப் பிடிக்கிற கிளிப். அவ்வளவுதான் என் ராஜ்ஜியம்.

ரத்தம் எடுக்கிற நர்ஸ் எனக்கு ஊதக்கான்னு பேர் வச்சா. சின்ன விஷயத்தையும் ஊதிப் பெரிசாக்குறேனாம். கொஞ்ச நாள்ல நோயாளிகளும் அப்படியே கூப்பிட ஆரம்பிச்சாங்க. அப்புறம் ஊது போய் வெறும் அக்கா ஆயிட்டேன். பெரிய டாக்டருக்கு அக்கா, லிஃப்ட் ஓட்டுறவருக்கு அக்கா, ஊத வர்ற நோயாளிகள்ல என்னைவிடப் பத்து வயசு மூத்த பஸ் டிரைவருக்கும் அக்கா. ஐயா, உங்களுக்கு நான் தங்கச்சி முறைன்னு சொல்லிப் பார்த்தேன். சரிக்கான்னு சொன்னாரு மனுஷன்.

பரிசோதனை ரொம்பச் சுலபம். நெஞ்சு நிறைய மூச்சை இழுக்கணும், குழாயில உதட்டை ஒட்டவச்சு ஒரே மூச்சுல பலமா ஊதணும், காத்து தீர்ற வரைக்கும் விடக்கூடாது. மெஷின் ஒரு கோடு போடும், ஒரு நம்பர் கொடுக்கும். நுரையீரல் எப்படி இருக்குன்னு அந்த நம்பரை வச்சுத்தான் டாக்டருங்க முடிவு பண்ணுவாங்க. யாரும் தானா முழு மூச்சு இழுக்க மாட்டாங்க. பாதியிலயே போதும்னு தோணும். அப்ப பக்கத்துல ஒருத்தி நின்னு, இழுங்க, இன்னும் இழுங்க, இன்னும் கொஞ்சம்னு விரட்டணும். நிறைஞ்சதும் ஊதுங்கன்னு சொல்லணும்.

இதுல ஒரு விஷயம் இருக்கு. எல்லாரும் ஊதுறதுதான் பெரிசுன்னு நினைக்கிறாங்க. இழுக்குறதுலதான் எல்லாம் இருக்கு. குடம் நிறையறதுக்குள்ள குழாயை மூடிட்டா, குடம் சின்னதுன்னுதானே கணக்கு வரும்? ஊதுங்கங்கிற வார்த்தையை நான் ஒரு கண் சிமிட்டுற நேரம் முன்னாடி சொல்லிட்டாப் போதும். கோடு அழகா வரும், ஒரு பிசிறு இருக்காது, நம்பர் மட்டும் குறைஞ்சிருக்கும். மெஷினுக்கு ஊதினது தெரியும், இழுக்காதது தெரியாது. உங்க நிபுணர்கள் மெஷினைக் கழட்டிப் பார்த்தாங்கன்னு கேள்விப்பட்டேன். பாவம், அதுல ஒரு தப்பும் இருந்திருக்காது.

தம்பியைப் பத்திக் கேட்டீங்க. சொல்றேன், அதுலதான் ஆரம்பிக்கணும்.

வீட்டுல அவனை வாண்டுன்னு கூப்பிடுவோம். நாப்பதைத் தாண்டியும் வாண்டுதான். எங்க அம்மா போனப்ப அவன் இன்னும் நடக்கப் பழகலை. என் இடுப்புலதான் வளர்ந்தான். பிறகு வெல்டிங் கத்துக்கிட்டு சொந்தமா பட்டறை வச்சான். நல்ல கைத்தொழில்காரன், வாய் மட்டும் ஓயாது. ஒரு தடவை நெஞ்சுல சளி கட்டிக் காய்ச்சல் வந்துச்சு பாருங்க, ஆஸ்பத்திரியில கிடந்து பிழைச்சு வந்தான், ஆனா நுரையீரல்ல தழும்பு தங்கிருச்சு. வெந்த புண்ணு ஆறினா தோல் இறுகிப் போகுமில்ல, அந்த மாதிரி. அதுக்கப்புறம் சட்டைப் பொத்தான் போடுறதுக்குள்ள ரெண்டு தடவை உட்காருவான். பட்டறையில ஆள் வச்சு வேலை வாங்கினான். நான் அதைப் பார்த்துக்கிட்டுச் சும்மா இருக்க முடியுமா? எனக்கு அவன்னா உயிரு, மேடம். இதை மறைச்சு என்ன ஆகப் போகுது.

அந்த நேரத்துலதான் எங்க நிலையத்துக்கு அந்தப் பொடி வந்துச்சு. சளிக் காய்ச்சலுக்கு அப்புறம் தழும்பு விழுந்த நுரையீரலுக்குன்னு வந்த மருந்து, தினமும் உறிஞ்சணும். பாதிப் பேருக்கு நெஜப் பொடி, மீதிப் பேருக்குப் பார்க்க அதே மாதிரி இருக்கிற சும்மா பொடி. யாருக்கு எதுன்னு கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும். கொடுக்கிறவங்களுக்கும் தெரியாது, வாங்குறவங்களுக்கும் தெரியாது. கடைசியில நம்பரை ஒப்பிட்டுப் பார்த்து, மருந்து வேலை செய்யுதான்னு முடிவு பண்ணுவாங்க. நல்லதுன்னு முடிவானா, சும்மா பொடிக்காரங்களுக்கும் நெஜப் பொடி கொடுப்பாங்க. இல்லைன்னா மருந்தை மூட்டை கட்டிருவாங்க.

வேலை செய்றவங்க வீட்டு ஆளுங்க இதுல சேரக்கூடாதுன்னு விதி. நான் அவனைச் சேர்த்துவிட்டேன். நாம அக்கா தம்பின்னு யார்கிட்டயும் மூச்சு விடாதேடான்னு சொன்னேன். மூச்சு விடாம எப்படிக்கா ஊதுறதுன்னு கேட்டான். அவன் அப்படித்தான்.

முதல் நாள் என் அறைக்கு வந்தப்ப அவனை, வாங்க சார், உட்காருங்க சார்னு சொல்ல வேண்டியதாப் போச்சு. அவனுக்கு ஒரே குஷி. கால் மேல கால் போட்டு உட்கார்ந்துக்கிட்டு, தண்ணி கிடைக்குமாம்மான்னு கேட்டான். கொடுத்தேன். இன்னும் கொஞ்சம் மரியாதையாக் கொடுத்தா என்னவாம்னு கண்ணாலயே கேட்டான். மூக்குக் கிளிப்பை மாட்டுறப்ப ஒரு அழுத்து அழுத்தி விட்டேன். ஐயோ அக்கான்னு கத்திட்டான். எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு. வாசல்ல நர்ஸ் நிக்கிறா. அவ திரும்பிக்கூடப் பார்க்கலை. பார்க்க என்ன இருக்கு? அந்தக் கட்டடத்துல என்னை அக்கான்னு கத்தாதவங்க யாரு? சொந்த அக்காவை அக்கான்னு கூப்பிட்டே ரெண்டு வருஷம் ஒளிஞ்சிருந்தான் அவன். உங்களையும் தம்பின்னு கூப்பிடத்தான் வாய் வருது சின்ன சார், குழப்பம் வேண்டாம்னு சார் போடுறேன்.

யாருக்கு எந்தப் பொடின்னு எனக்கு எப்படித் தெரியும்னுதானே அடுத்த கேள்வி? குரலை வச்சுத்தான். நெஜப் பொடி தொண்டையில படியும். ரெண்டு மூணு மாசத்துல சில பேர் வணக்கம்கான்னு சொல்றதே உப்புத்தாள் தேய்க்கிற மாதிரி கேட்டுச்சு. மீதிப் பேர் குரல் அப்படியே இருந்துச்சு. யாராவது காதைக் கொடுத்துக் கேட்டிருந்தாத் தெரிஞ்சிருக்கும். எல்லாருக்கும் வேற வேலை இருந்துச்சு, எனக்கு மட்டும் ஒரு காரணம் இருந்துச்சு.

பஸ் டிரைவர் குரல் கரகரன்னு ஆயிருச்சு. வாண்டு குரல் மணி மாதிரி இருந்துச்சு. பாட்டெல்லாம் பாடிக்கிட்டு வந்தான் சனியன். சிரிச்சுக்கிட்டே அவனை உட்கார வச்சேன், உள்ளுக்குள்ள பத்திக்கிட்டு வந்துச்சு. என் தம்பிக்குச் சும்மா பொடி. இனி மருந்து ஜெயிச்சாத்தான் அவனுக்குக் கிடைக்கும்.

மருந்து நல்ல மருந்துதான்னு நான் நம்பினேன். அதை எழுதிக்கோங்க. பஸ் டிரைவர், அக்கா, இப்பல்லாம் மாடிப்படி ஒரே மூச்சுல ஏறுறேன்னு வந்து சொன்னாரு. இன்னும் ரெண்டு பேரும் அப்படித்தான் சொன்னாங்க. மனுஷங்க நல்லா இருக்காங்க, மெஷின்ல மட்டும் ரெண்டு கூட்டத்துக்கும் ஒரே நம்பர் வருது. நல்லா இருக்கிறது நம்பர்ல தெரியலைன்னா தப்பு யார் மேல? நான் பொய் எதுவும் சொல்லலை. நம்பர் பின்தங்கி நின்னுச்சு, நான் கொஞ்சம் கையைப் பிடிச்சு நடத்திக்கிட்டுப் போனேன்.

அதாவது, கரகரக் குரல்காரங்க வந்தா நிறைய இழுக்க வைப்பேன். இன்னும், இன்னும், விடாதீங்க, நெஞ்சை நிமிர்த்துங்க, இன்னும் ஒரு வாய், இப்ப ஊதுங்கன்னு முழுசா நிறைச்சு ஊத விடுவேன். தெளிஞ்ச குரல்காரங்க வந்தா அதே அன்பு, அதே சத்தம், ஒரே ஒரு இன்னும் குறையும். அவங்களுக்கே தெரியாது. நீங்க கேட்டா, அக்கா எவ்வளவு பாசமா விரட்டினாங்கன்னுதான் சொல்லுவாங்க. கேட்டிருப்பீங்களே, அப்படித்தானே சொன்னாங்க?

வாண்டுவையும் அப்படித்தான் குறைச்சேன். பாரபட்சம் காட்டலை. அவன் நம்பர் இறங்கினாத்தான் சும்மா பொடி சும்மாதான்னு தெரியும்.

பாட்டு டீச்சர் விஷயம் கொஞ்சம் சங்கடமானதுதான். அவங்களும் சும்மா பொடிக்காரங்க. வாய்ப்பாட்டு சொல்லிக் கொடுக்குறவங்க, நல்லா மூச்சு இழுக்கத் தெரிஞ்சவங்க, அதனால அவங்களைப் பாதியில நிறுத்துறதுதான் பெரும்பாடு. ஊதுங்கன்னு ரொம்ப முன்னாடியே சொல்ல வேண்டியிருந்துச்சு. நம்பர் ஒவ்வொரு தடவையும் கீழ போச்சு. பெரிய டாக்டர் அவங்களைக் கூப்பிட்டு, இனிமே பாட வேண்டாம், நுரையீரல் தாங்காதுன்னு சொல்லிட்டாரு. என் அறையில வந்து உட்கார்ந்து அழுதாங்க. நான் தண்ணி கொடுத்தேன், முதுகைத் தடவி விட்டேன். பாட்டு வகுப்பை மூடிட்டாங்க. அதுக்கப்புறம் பேசவே பயந்தாங்க, எதைக் கேட்டாலும் தலையை மட்டும் ஆட்டுவாங்க. அவங்க நுரையீரல் நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப நீங்க வேற ஆஸ்பத்திரியில ஊத வச்சுப் பார்த்து அதைக் கண்டுபிடிச்சிருக்கீங்க. என்கிட்ட கேட்டிருந்தா நானே சொல்லியிருப்பேன்.

இங்க எல்லாரும் சந்தோஷமா இருந்தாங்க, அதையும் சொல்லணும். பெரிய டாக்டர் மூச்சுக்கு முந்நூறு தடவை நம்ம மருந்து, நம்ம மருந்துன்னு சொல்லிக்கிட்டுத் திரிஞ்சாரு. நெஜப் பொடிக்காரங்க நம்பர் ஏறுது, சும்மா பொடிக்காரங்க நம்பர் இறங்குதுன்னு அவருக்குத் தெரியாது, யாருக்கு எதுன்னு மூடி வச்சிருக்குல்ல. ஆனா ஏதோ நல்லது நடக்குதுன்னு மோப்பம் பிடிச்சுட்டாரு. புதுச் சட்டையெல்லாம் போட்டுக்கிட்டு வந்தாரு. அக்கா, நீங்க இல்லாம இந்த ஆராய்ச்சி இல்லைன்னு ஒரு நாள் எல்லார் முன்னாடியும் சொன்னாரு. நான் தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். கூச்சம்தான், வேற ஒண்ணுமில்லை.

பிறகு பஸ் டிரைவருக்கு உடம்பு படுத்த ஆரம்பிச்சுது. முதல்ல சும்மா சளி. போகும், திரும்பி வரும். அப்புறம் அடிக்கடி காய்ச்சல். மாடிப்படி ஏறுறேன்னு சொன்ன மனுஷன் லிஃப்டுக்குக் காத்து நின்னாரு. நான் எவ்வளவு இழுக்க வச்சாலும் நம்பர் சறுக்குச்சு. அப்பதான் மேடம் நான் உண்மையிலேயே உழைச்சேன். வெந்நீர் குடிக்க வைப்பேன், கொஞ்சம் ஓய்வு கொடுப்பேன், தோளைப் பின்னாடி பிடிச்சு நிமிர்த்தி வைப்பேன். திரும்பத் திரும்ப ஊத வச்சு, இருக்கிறதுலயே நல்லதை எடுத்துக்குவேன். அவர் கண்ணுல பூச்சி பறக்கும். இன்னும் ஒரு தடவை, என் ராசால்லன்னு கெஞ்சுவேன். மறுபடி ஊதுவாரு. நம்பரைக் கீழ விழ விடலை நான்.

அக்கா, எனக்கு ஒண்ணும் இல்லைல்லன்னு கேட்டாரு. நம்பரைப் பாருங்கன்னு திருப்பிக் காட்டினேன். அவருக்கு நம்பர் புரியாது, என் முகத்தைத்தான் பார்த்தாரு. நான் சிரிச்சேன். அவரும் சிரிச்சுட்டு, பொடி டப்பாவை எடுத்துக்கிட்டுக் கிளம்பினாரு.

காய்ச்சல்னு பெரிய ஆஸ்பத்திரியில சேர்த்தாங்க, அங்கேயே போயிட்டாரு. மருந்தாலயா இருக்குமோன்னு எங்க ஆளுங்க உட்கார்ந்து பேசினாங்க. கடைசி வரைக்கும் மூச்சு நம்பர் அருமையா இருக்கே, மருந்துக்கும் இதுக்கும் சம்பந்தமில்லைன்னு முடிவு பண்ணிட்டாங்க. நான் அவர் வீட்டுக்குப் போனேன். அவர் வீட்டம்மா என் கையைப் பிடிச்சுக்கிட்டு, நீங்க ஒருத்தர்தான் அவருக்குத் தைரியம் கொடுத்தீங்கன்னு சொன்னாங்க. எனக்கு அழுகை வந்துருச்சு. நெஜமான அழுகைதான் சின்ன சார், நீங்க பேனாவைக் கீழ வைக்க வேண்டாம்.

அப்ப எனக்குத் தெரியுமான்னு கேக்குறீங்க. தெரியும். அவர் ஒருத்தர் மட்டும் இல்லையே. கரகரக் குரல்காரங்கதான் ஒவ்வொருத்தரா சளியும் காய்ச்சலுமா வந்தாங்க, அதுல இன்னும் சில பேர் போயும் சேர்ந்துட்டாங்க. அந்தப் பொடி முதல்ல தெம்பு கொடுக்குது, அப்புறம் நெஞ்சுல இருக்கிற காவலைத் தூங்க வச்சிருது. கிருமி வந்தா எதிர்த்து நிக்க ஆள் இல்லை. நம்பரை இயல்பா விழ விட்டிருந்தா அது எல்லார் கண்ணுலயும் பட்டிருக்கும், சோதனையை நிறுத்தியிருப்பாங்க. ஆனா ரெண்டு விஷயத்தை யோசிச்சுப் பாருங்க. நிறுத்திட்டா வாண்டுக்கு மருந்து கிடைக்காது. அதோட, போனவங்க எல்லாம் வயசானவங்க, முன்னாடியே நொந்து போன நெஞ்சு. அவன் சின்னவன், இரும்பு தூக்கின உடம்பு. அவனுக்கு முதல்ல கிடைக்கிற தெம்பு மட்டும் கிடைக்கும், பின்னாடி வர்றது வராதுன்னு நினைச்சேன். நினைக்கிறதுக்கு எனக்கு உரிமை இல்லையா?

மருந்து ஜெயிச்சுது. விவரத்தைத் திறந்து பார்த்தப்ப பெரிய டாக்டர் கண்ணுல தண்ணி. எல்லாருக்கும் நெஜப் பொடி கொடுக்கச் சொல்லி உத்தரவு வந்துச்சு. வாண்டுவோட முதல் டப்பாவை கேட்டுக்கு வெளிய வச்சு நானே அவன் கையில கொடுத்தேன். பிரிச்சு மோந்து பார்த்துட்டு, இதுக்காகவாக்கா என்னை ரெண்டு வருஷம் சார்னு கூப்பிட்டேன்னு கேட்டான். வாயை மூடுடா, உறிஞ்சுடான்னு சொன்னேன். அன்னைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் இருக்கே, சொல்லி மாளாது.

இப்ப அவன் நம்பர் ஏறணும்ல. ஒரேயடியா முழு மூச்சு இழுக்க விட்டா சந்தேகம் வரும். அதனால ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் கொஞ்சமா விட்டேன். கோடு படிப்படியா மேல போச்சு. சும்மா பொடியில இறங்கிக்கிட்டு இருந்தவரு, மருந்துக்கு மாறினதும் எப்படி ஏறுறாரு பாருங்கன்னு பெரிய டாக்டர் வெளியூர்லேர்ந்து வந்தவங்களுக்கெல்லாம் அவன் கோட்டைத்தான் காட்டினாரு. வாண்டு பெரிய மனுஷன் ஆயிட்டான். என் கோட்டுக்குக் கண்ணாடிச் சட்டம் போடச் சொல்லுக்கான்னு கிண்டல் பண்ணினான்.

கொஞ்ச மாசத்துல குரல் கரகரன்னு ஆயிருச்சு. முதல் தெம்பு வந்துச்சு, ஒரு நாள் பட்டறைக்குக்கூடப் போய் நின்னான். அப்புறம் சளி. நான் கவனிச்சேன், கவனிக்காம இல்லை. ஆனா சாதாரணச் சளி யாருக்குத்தான் வராது?

அவன் பொண்டாட்டி என் வீட்டுக்கு வந்தா. அண்ணி, அவருக்கு நெஜமாவே குணமாகுதான்னு கேட்டா. ராத்திரி படுக்க முடியாம உட்கார்ந்தே தூங்குறாரு, சோறு பாதியில எழுந்திரிக்கிறாரு, கேட்டா அக்கா பார்த்துக்குவான்னு சொல்றாரு அண்ணின்னா. அவ கொஞ்சம் பயந்த சுபாவம். நான் அவளைக் கூட்டிக்கிட்டுப் போய் அந்தக் கோட்டைக் காட்டினேன். இங்க இருந்தாரு, இப்ப இங்க இருக்காரு, உனக்குக் கண்ணு தெரியுதில்லன்னு கேட்டேன். மேல போற கோட்டை யார்தான் நம்ப மாட்டாங்க? கண்ணைத் துடைச்சுக்கிட்டு, உங்க வாய் முகூர்த்தம் பலிக்கட்டும் அண்ணின்னு சொல்லிட்டுப் போனா.

கடைசிப் பரிசோதனையைப் பத்தித்தான் நீங்க கேக்கக் காத்திருக்கீங்கன்னு தெரியுது. மேடம் ரெண்டு தடவை தொண்டையைக் கனைச்சுட்டாங்க.

அன்னைக்கு அவன் வாசல்ல வந்து பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். கிண்டல் எதுவும் பண்ணலை. நாற்காலியில உட்கார வச்சப்ப சட்டைக்குள்ள உடம்பே இல்லை. நெத்தி சுட்டுச்சு. அக்கா, முடியலக்கா, இன்னொரு நாள் வச்சுக்கலாமான்னு கேட்டான். வச்சிருக்கலாம். உடம்பு சரியில்லை, ஊத வைக்க முடியலைன்னு நான் சொல்லியிருந்தா, கீழ டாக்டர் பார்த்திருப்பாரு. நெஞ்சுல ஸ்டெதாஸ்கோப் வச்சு ஒரு தடவை கேட்டிருந்தாலே போதும், பொடியை நிறுத்தி அன்னைக்கே படுக்க வச்சிருப்பாரு. இல்லை, அவனுக்கு வர்ற நம்பரை வந்தபடி விட்டிருந்தாக்கூடப் போதும்.

விடலை. ஏன்னு கேக்குறீங்க. அவன் மனசு உடைஞ்சிரும்னு நினைச்சேன். சரி, அது மட்டும் இல்லை. அவன் நம்பர் விழுந்தா, சோதனையில ஜெயிச்ச மருந்தாச்சே, காட்டிக் காட்டிப் பெருமைப்பட்ட ஆளாச்சே, எப்படி விழுந்தான்னு தோண்டுவாங்க. தோண்டினா பஸ் டிரைவர் வருவாரு, பாட்டு டீச்சர் வருவாங்க, கடைசியில என் அறைக்கு வந்து நிப்பாங்க. அவனைக் காப்பாத்துறதுக்காகச் செஞ்சதெல்லாம் வீணாப் போயிரும்.

அதனால ஊத வச்சேன். வெந்நீர் கொடுத்தேன், முதுகைப் பிடிச்சுவிட்டேன், பின்னாடி நின்னு என் நெஞ்சுல அவன் முதுகைச் சாய்ச்சு வச்சு நிமிர்த்தினேன். முதல் தடவை இருமிட்டான். ரெண்டாவது பாதியில விட்டுட்டான். மூணாவது தடவை அவன் காதுல, இழுடா கண்ணா, இன்னும் இழுடா, அக்கா இருக்கேன்டான்னு சொன்னேன். அந்த அறையில அவனை நான் டா போட்டது அன்னைக்குத்தான். வாசல்ல இருந்த நர்ஸ் சட்டுன்னு திரும்பிப் பார்த்தா. உங்களுக்குத் தகவல் கொடுத்தது அவதான்னு நினைக்கிறேன். கொடுக்கட்டும், அவ மேல கோபம் இல்லை. அவன் கண்ணை மூடிக்கிட்டு இழுத்தான், சின்ன வயசுல நான் மருந்துக் கரண்டியை நீட்டினா என்னன்னு கேக்காம வாயைத் திறப்பானே, அப்படி இழுத்தான். நான் அவசரப்படலை. ஒரு சொட்டு இடம் மிச்சமில்லாம நிறையற வரைக்கும் காத்திருந்துதான் ஊதச் சொன்னேன்.

டாக்டர் நம்பரைப் பார்த்துட்டு, பிரமாதம், அடுத்த மாசம் வாங்கன்னு புது டப்பா கொடுத்து அனுப்பிட்டாரு. நான் கேட் வரைக்கும் டப்பாவைத் தூக்கிக்கிட்டுப் போய் ஆட்டோவுல ஏத்திவிட்டேன். அவன் என் கையைப் பிடிச்சு அழுத்தினான். அந்த வாரமே போயிட்டான்.

ஆமாம் மேடம், எல்லாம் தெரிஞ்சேதான் செஞ்சேன். பஸ் டிரைவரையும், மத்தவங்களையும், அவனையும். எங்க வேணும்னாலும் கையெழுத்துப் போடுறேன், நான் ஒண்ணும் மறைக்கலை. ஆனா உங்க முதல் அறிக்கையை எனக்குப் படிச்சுக் காட்டினாங்க, அதுல நேர்மை இல்லை. என்னைப் பத்தி எல்லாத்தையும் எழுதிட்டு, அவன் கடைசியா ஊதினதுதான் அவன் ஊதினதிலேயே நல்ல நம்பர்ங்கிறதை மட்டும் எங்கயுமே எழுதாம விட்டுட்டீங்க.